எலி நோட்டீஸ் அழகுமுத்து

கொழும்பு வெள்ளவத்தையில் வீடு வைத்திருந்த யாழ்ப்பாணத்தார் எவரும் தம் வீட்டில் எலி இருக்கிறது என்று வாயால் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும், போகிற வழியில் எங்கள் குசினியை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நானும் அப்படிச் சொன்னவன்தான். புகையிரத இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு எழுதி ஓய்வு பெற்ற சண்முகலிங்கம் எலிக்குத் தலை குனிவதா? என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில், "உங்களுக்கு எலியைவிட மானம் பெரிசு" என்பாள். உண்மைதான்.

இந்தப் பொய்களையெல்லாம் வருடா வருடம் பொறுமையாகக் கேட்டவர் அழகுமுத்து. மாநகரசபையின் எலிப் பிரிவு ஊழியர். கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில், அதாவது பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் உள்ள வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். காலை ஏழரைக்கு பஸ்ஸில் வந்து இறங்குவார். காக்கிக் கால்சட்டை, கையில் டோர்ச், தோளில் ஒரு பை. பைக்குள் மருந்து கலந்த மாவு, ஒரு துண்டு வெண்கட்டி, கார்பன் தாள் வைத்த நோட்டீஸ் புத்தகம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் அவர் தலை தெரிந்ததும் வீட்டுக்கு வீடு குப்பை வாளிக்கு மூடி முளைத்துவிடும்.

சட்டம் கண்டிப்பானது. சுவரில் அரை அங்குலத்துக்கு மேல் ஓட்டை இருந்தால் சீமெந்தால் அடைக்க வேண்டும். அரிசி மூட்டை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். பரிசோதிக்க வருபவருக்கு எல்லா அறைகளையும் திறந்து காட்ட வேண்டும். குறை கண்டால் 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' பெயரில் நோட்டீஸ். பதினான்கு நாளில் திருத்தாவிட்டால் கோடு, அதாவது நீதவான் முன் நிற்க வேண்டும்.

அழகுமுத்து தரையில் வயிறு படப் படுத்துக் கதவிடுக்கைப் பார்ப்பார். புழுக்கையைப் பார்த்தே வீட்டெலியா பெருச்சாளியா என்று சொல்வார். "இது மூஞ்சூறுங்க. மூஞ்சூறுக்கு நோட்டீஸ் கெடையாது. அது பாட்டுக்குக் கரப்பான் தின்னுட்டுப் போவுது" என்று ஒரு முறை என்னைத் தப்பவும் விட்டார். வெள்ளவத்தை எலி கருவாட்டுக்குத்தான் மயங்கும், கொட்டாஞ்சேனை எலிக்குப் பாணும் தேங்காய்ச் சொட்டும் போதும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. கண்ட ஓட்டைக்குப் பக்கத்தில் வெண்கட்டியால் தேதி எழுதிவிட்டுப் போவார்.

யுத்த காலம். ஊரிலிருந்து வந்து தங்கும் தமிழர் ஒவ்வொருவரையும் பொலிஸில் பதிய வேண்டும். அவருடைய படிவத்தில் 'அறைகள் எத்தனை, குடியிருப்போர் எத்தனை பேர்' என்று இரண்டு கேள்விகள் இருந்தன. சனத்துக்கு ஏற்ப எலி பெருகும் என்ற கணக்குக்காகக் கேட்டது. எங்கள் ஆட்களோ இதுவும் பொலிஸுக்குப் போகும் பட்டியல் என்றே நம்பினார்கள். வாசலில் பதினொரு சோடிச் செருப்புக் கிடக்கும். வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி "ரெண்டு பேர்" என்பார். அழகுமுத்து செருப்புகளைப் பார்ப்பார், வீட்டுக்காரரைப் பார்ப்பார், 'இரண்டு' என்று எழுதுவார். "அய்யாமாருக்குக் காலு நெறைய" என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார்.

என் வீட்டிலும் 'ஒருவர்' என்றுதான் எழுதியிருந்தது. பின் அறையில் கனகேஸ்வரியும் அவள் கணவன் தில்லைநாதனும் தொண்ணூற்றைந்து தை மாதத்திலிருந்து குடியிருந்தார்கள். கனடாவுக்குப் போக வந்து, ஏஜென்ஸிக்காரன் ஏமாற்றி, இங்கேயே தங்கிவிட்டவர்கள். பொலிஸில் அவர்களைப் பதிந்திருந்தேன். அதற்குப் பயம் காரணம். மாநகரசபைக்கு மட்டும் அறையை வாடகைக்கு விட்டதைச் சொல்லவில்லை. சொன்னால் வரி கூடும். அதனால் வாடகைக்குப் பற்றுச்சீட்டும் கொடுத்ததில்லை. லைட் பில், தண்ணீர் பில் எல்லாம் என் பெயரில். கஞ்சத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். நான் அன்றைக்குச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

கனகேஸ்வரி பிளவுஸ் தைத்தாள். வெட்டுத்துணிகளைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்திருந்தாள். எலிக்கு அதைவிட நல்ல மெத்தை எங்கே கிடைக்கும்? அந்த வருடம் ஆவணி மாதம் வந்த அழகுமுத்து சாக்கை நகர்த்தினார். பின்னால் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"ஐயா, இது பெருச்சாளி. நோட்டீஸ் எழுதணுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ர பேரில ஏன் எழுதுறீர்? துணிச்சாக்கு அவவின்ர. குடியிருக்கிறவரெண்டும் உம்மட பேப்பரில கிடக்குத்தானே? அவவின்ர பேரில எழுதும்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு 'திருமதி தி. கனகேஸ்வரி, குடியிருப்பவர்' என்று எழுதிக் கிழித்து அவளிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் அன்று பின்னேரம் பழைய பேப்பரை நனைத்து ஓட்டைக்குள் திணித்து, மேலே சுண்ணாம்பு பூசிவிட்டேன். சீமெந்து விற்ற விலைக்கு எலிக்கு அது போதும் என்று எண்ணினேன். அடுத்த வருடம் எலி பேப்பரைக் கரும்பி வெளியே வந்தது, அழகுமுத்து வந்தார், நோட்டீஸ் வந்தது, நான் மறுபடி பேப்பர் திணித்தேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே.

இடையில் தொண்ணூற்றாறு ஆனியில் தில்லைநாதனைச் சந்தேகத்தில் பிடித்தார்கள். மருந்து வாங்கக் காலி வீதிக்குப் போனவன். பனடோல் கார்ட் சட்டைப் பையில் இருக்க, ஜீப்பில் ஏற்றப்பட்டான். மூன்று மாதம் எங்கே என்று தெரியவில்லை. பிறகு பொரளைப் பக்கத்துச் சிறையில் இருக்கிறான் என்று தெரிந்தது. வழக்குத் தவணை போய்க்கொண்டே இருந்தது. புதன்கிழமை தோறும் கனகேஸ்வரி சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவாள். நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும்தான் அனுமதி. அவளைத் தவிர அவனுக்குக் கொழும்பில் வேறு ஒருவரும் இல்லை. பார்சலில் பாதியைக் காவலர் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அப்படிக் கிளறுவார்கள் என்றே மீனில் முள் எடுத்துவிட்டு வைப்பாள்.

தொண்ணூற்றெட்டு மாசியில் கனகேஸ்வரி பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில், புதிதாக வந்த அதிகாரி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். பழைய பொலிஸ் பதிவு மட்டும் போதாது, இரண்டு வருடமாக ஒரே முகவரியில் இருந்ததற்கு அரசாங்கக் கடிதம் ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்குள் ஊருக்குப் போய்விட வேண்டும். ஊருக்குப் போவது பெரிதல்ல. பாதை பூட்டிக் கிடந்த காலம். போனவள் திரும்பி வரப் பாஸ் எடுக்க வருடம் செல்லும். புதன்கிழமைச் சோறு நின்றுவிடும். வழக்கறிஞரோடு கதைக்க ஆள் இருக்காது. அப்படி ஆளில்லாமல் விடப்பட்டவர்கள் உள்ளே என்ன ஆனார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அங்கிள், நீங்கள் ஒரு கடிதம் தந்தால்?" என்று கேட்டாள்.

தந்தேன். அதிகாரி அதைப் படிக்கக்கூட இல்லை. வீட்டுக்காரர் கடிதம் வெள்ளவத்தையில் கடலை விற்பதுபோல் விற்கப்பட்ட காலம். வாடகைப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டான். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த ஒரு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அழகுமுத்து வந்தார். அந்த முறை எங்கள் ஒழுங்கைக்கு முன்னதாகவே வந்துவிட்டார். பின் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளைக் கண்டு விஷயத்தைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் டோர்ச்சைக் கதிரையில் வைத்துவிட்டு, "ஏம்மா, நான் குடுத்த நோட்டீஸெல்லாம் எங்க?" என்றார்.

கனகேஸ்வரி தையல் மெஷினின் லாச்சியை இழுத்தாள். உள்ளே இருந்தன. தேதி வரிசைப்படி மூன்று. மாநகரசபை முத்திரை, சிங்களத்திலும் தமிழிலும் அச்சு, வட்டார இலக்கம், என் வீட்டு முகவரி, 'திருமதி தி. கனகேஸ்வரி, குடியிருப்பவர்'. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

அழகுமுத்து அப்படியே காக்கியோடு எங்களுடன் பொலிஸுக்கு வந்தார். அதிகாரி மூன்றையும் புரட்டினான். "மீயோ?" என்றான். எலியா என்று கேட்கிறான். அழகுமுத்து விறைப்பாக நின்று, "ஒவ் சேர், லொக்கு மீயோ" என்றார். ஆமாம், பெரிய எலிகள் என்று. கையெழுத்து உன்னுடையதா என்று கேட்டதற்கும் ஒவ் சேர். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடம் ஒரே எலியோடு சண்டை பிடித்தவள் இங்கே குடியிருந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்தவனிடம் சிங்களத்தில் சொல்லி, ஆறு மாதத்துக்கு முத்திரை குத்தினான். வெளியே வந்ததும் கனகேஸ்வரி என் காலில் விழப் போனாள். "அங்கிள் அண்டைக்கு என்ர பேரில எழுதச் சொன்னதாலதான்" என்றாள். நான் பெரிய மனிதன்போல் அவள் தலையில் கை வைத்தேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் வைத்தேன்.

அடுத்த வாரம் ஒழுங்கையே தலைகீழாகிவிட்டது. எலியே இல்லை என்று சத்தியம் செய்த வீட்டுக்காரர்கள் அழகுமுத்துவை வாசலில் நின்று கையைப் பிடித்து இழுத்தார்கள். "எங்கட மேல் அறையில ரெண்டு பெடியள் இருக்கினம், அவையின்ர பேரிலயும் ஒண்டு போடும் ஐசே." இரண்டு பேர் என்று சொன்ன வீட்டில் திடீரென்று பதினொரு பேர் பிறந்தார்கள். எலிப் புழுக்கை என்று ஒருவர் கறுத்த உழுந்தைக் கொண்டுவந்து காட்டினார்! சிரித்துச் சிரித்து அழகுமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொய் எழுத மாட்டேங்க. ஆனா ஓட்டையில்லாத வீடு கொழும்புல ஏது? நான் தேடிப் பாக்குறேன்" என்றார். தேடினார். ஒவ்வோர் அறையாகப் படுத்துப் படுத்துத் தேடினார். முழங்கை தேய்ந்து புண்ணாகிவிட்டது. எங்கள் ஒழுங்கை அந்த மாதம்போல் சிரித்து நான் கண்டதில்லை. பதுங்கியிருந்த சனமெல்லாம் எலியின் தயவில் வாசலுக்கு வந்து கதைத்த காலம் அது. இப்போது அங்கே எட்டு மாடி, பத்து மாடி எழும்பிவிட்டது. பக்கத்துக் கதவில் யார் என்றே தெரியாது. எலி மட்டும் இருக்கிறது என்று கேள்வி.

சிரிப்பு நீடிக்கவில்லை. ஒரே மாதத்தில் ஒரே ஒழுங்கையில் நாற்பத்து மூன்று நோட்டீஸ் என்றால் மேலே கேட்கத்தானே செய்வார்கள். சுகாதாரப் பரிசோதகர் றவூப் ஒரு புதன்கிழமை காலை வந்து நின்றார். நேர்மையான மனிதர் என்று பெயர். அப்படிப்பட்டவர் வருவதுதான் ஆபத்து. பழைய நோட்டீஸ் என் வீட்டினுடையது என்பதால் அங்கிருந்தே தொடங்கினார். அழகுமுத்து பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

றவூப் பின் அறைச் சுவரைப் பார்த்தார். வெள்ளையாக, பழுதில்லாமல் இருந்தது. என் வேலைப்பாடு.

"மூணு வருஷமும் ஒரே அறை, ஒரே ஓட்டை. அடைச்சா அடுத்த வருஷம் எப்பிடி வரும்? அடைக்கல்லன்னா இப்ப ஓட்டை எங்க?" என்று அழகுமுத்துவிடம் கேட்டார். "பொய்யா எழுதியிருந்தா சொல்லிருங்க. உங்கட வேலை போறது ஒரு பக்கம். இந்த நோட்டீஸெல்லாம் நான் கேன்சல் பண்ணணும். பொலிஸுக்கும் எழுதணும்."

அழகுமுத்து என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். வாய் திறக்கவில்லை. கனகேஸ்வரி பாதி கட்டிய சோற்றுப் பார்சலோடு கதவடியில் நின்றாள். நூல் அவள் விரலில் சுற்றியபடி இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் எனக்குக் கோடு. அறையை மறைத்து வாடகைக்கு விட்டதும் வெளியே வரும். ஒழுங்கை முழுக்க என் பெயர் நாறும். சொல்லாவிட்டால் அவள் போக வேண்டும். அரை நிமிடம் யோசித்தேன். அந்த அரை நிமிடத்துக்காக இன்னும் என்னை நான் மன்னிக்கவில்லை.

மூலையில் கிடந்த குடையை எடுத்து, அதன் கூரான நுனியால் சுவரில் ஓங்கிக் குத்தினேன். சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கை விட்டு பேப்பரை இழுத்துத் தரையில் போட்டேன்.

"ஓட்டை உண்மை. அடைக்காதவன் நான். ஒவ்வொரு வருஷமும் பேப்பரைத் திணிச்சு வெள்ளையடிச்சனான். இந்தப் பிள்ளை மூண்டு வருஷமா இஞ்சதான் இருக்குது. வாடகைக்கு விட்டதை மறைச்சவனும் நான்தான். அழகுமுத்துவில ஒரு பிழையும் இல்லை."

றவூப் குந்தியிருந்து பேப்பர்களைப் பிரித்தார். மேலே இருந்தது தொண்ணூற்றேழு ஆவணிப் பேப்பர். அதற்குள்ளே தொண்ணூற்றாறு. ஆக உள்ளே, எலி பாதி தின்ற தொண்ணூற்றைந்து. தேதிகளை வாய்விட்டு வாசித்தார். அப்போது ஓட்டைக்குள் ஏதோ அசைந்தது. அவர் சட்டென்று எழும்பிவிட்டார்.

"உங்கட பேர்ல இப்ப நான் எழுதுறேன், சண்முகலிங்கம் அண்ணே. கோட்டுக்கு வரணும்" என்றார். பிறகு கனகேஸ்வரியின் கையிலிருந்த பார்சலைப் பார்த்தார். "நீங்க போங்க தங்கச்சி, நேரம் போகுது."

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். ஒழுங்கையின் மற்ற வீடுகளையும் றவூப் பார்த்தார். அழகுமுத்து காட்டிய ஓட்டை ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் இருந்தது. ஒரு நோட்டீஸ்கூட ரத்தாகவில்லை. கோட்டில் நான் தண்டம் கட்டினேன், வரியும் கூடிற்று. சீமெந்து வாங்கி ஓட்டையையும் அடைத்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆரம்பத்திலேயே சீமெந்து வாங்கியிருக்கலாம்.

தில்லைநாதன் அவ்வருடக் கடைசியில் விடுதலையானான். குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். இரண்டரை வருடம் கழித்துச் சொன்னார்கள். மெலிந்து, காது ஒன்று மந்தமாகி வந்தான். ஆனால் வந்தான். கனகேஸ்வரி அவனுக்கு முன்னால் இருந்து, பழக்கத்தில் மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தாள். பார்க்கச் சந்தோஷமாகவும் வேதனையாகவும் இருந்தது.

தொண்ணூற்றொன்பது பங்குனியில் அழகுமுத்து ஓய்வு பெற்றார். சொல்லிக்கொண்டு போக வந்தார். வெள்ளைச் சாரமும் சட்டையும் உடுத்திருந்ததால் எனக்கு முதலில் ஆள் தெரியவில்லை. கனகேஸ்வரி தேத்தண்ணியும் முறுக்கும் கொண்டுவந்தாள். தில்லைநாதன் பக்கத்தில் இருந்தான். நான் வழக்கம்போல் என் பெருமையைத் தொடங்கினேன்.

"என்னதான் சொன்னாலும் அழகுமுத்து, அண்டைக்கு நான் கோவத்தில அவவின்ர பேரில எழுதும் எண்டு சொன்னபடியால்தானே..."

"ஐயா சொன்னது மொத வருசம் மட்டுந்தாங்க" என்றார் அவர் மெதுவாக.

எனக்கு விளங்கவில்லை. "அப்ப மற்ற ரெண்டு வருஷமும்?"

"அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலைங்க. ரூல்படி வீட்டுச் சொவருக்கு ஒங்க பேருலதான் எழுதியிருக்கணும். அந்தம்மாகிட்டக் கேட்டேன். அம்மா, ஒங்க பேருல எழுதட்டுமா, கோடு கீடு வந்தா நான் பாத்துக்கிறேன்னேன். சரி எழுதுங்கண்ணேன்னாங்க."

கனகேஸ்வரி தலையைக் குனிந்து முறுக்குத் தட்டை நகர்த்தினாள். அவளுக்குத் தெரியும். ஒரு வருடமாக என் பெருமையைக் கேட்டுக்கொண்டு, அங்கிள் அங்கிள் என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டேன்.

அழகுமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கப்பா தங்கையா, தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல செடிக்குக் கவ்வாத்து வெட்டுனவரு. பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டாரு. விசாரணையில, விடாம இந்த நாட்டுலதான் இருந்தன்னு காட்டுன்னாங்க. எங்ககிட்ட என்னங்க இருக்கும்? வேலைக்கு வந்தவங்க பேரு எழுதுற செக்ரோல் ஒண்ணுதான். ஆபீஸ்ல போயிக் கட்டை அவுத்துப் பாத்தா, ரெண்டு வருசத்த எலி தின்னுருச்சு. அவ்வளவுதான், இல்லன்னுட்டாங்க. எழுவதுல அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரையும் இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. நான் கொட்டாஞ்சேனையில ஒரு கடையில வேலைக்கு நின்னதால தப்பிட்டேன். எண்பத்தெட்டுலதான் எனக்குப் பேப்பரு கெடைச்சுச்சு. அந்தம்மா பேரு எந்தக் கடுதாசியிலயும் இல்லாம இருக்கிறதப் பாத்தேன். மனசு கேக்கல."

கனகேஸ்வரிதான், "தங்கச்சியை வழியனுப்பப் போனீங்களா அண்ணை?" என்று கேட்டாள்.

"தலைமன்னார் மட்டும் போனேன்மா. மயிலம்மாவுக்கு அப்பப் பதினாறு வயசு. எல்லாரும் அழுவுறாங்க, அது மட்டும் அழுவல. 'அண்ணே, நம்ம பேரு எலிக்கு ருசியா இருந்திருக்கு பாத்தியா'ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே கப்பல் ஏறிருச்சு. அதுக்கப்புறம் நான் அதப் பாக்கலைங்க."

நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து பையைத் தேடினார். பழக்கத்தில் தேடியிருப்பார், அன்றைக்கு அவர் பை கொண்டுவரவில்லை. நான் அவர் கையைப் பிடித்து, "இருங்கோ அழகுமுத்து, எங்களோட இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றேன்.